மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ரூட் (எல்லா உரிமையும் உள்ள தலைமைக் கணக்கு) பாஸ்வேர்டு போட்டால் 'ஆக்சஸ் டினைட்' என்று வருகிறது. மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால் டேட்டா போய்விடுமா?

உங்கள் லினக்ஸ் உபுண்டு, டெபியன் என்றால் சுருக்கமான பதில் இது: புரோகிராமை மட்டும் எடுக்கும் 'ரிமூவ்' செய்தால் டேட்டா போகாது, பிரச்சினையும் போகாது. எல்லாவற்றையும் துடைக்கும் 'பர்ஜ்' செய்து, அது கேட்கும் கேள்விக்கு 'எஸ்' சொன்னால் இரண்டும் போய்விடும். நான் அந்த 'எஸ்' சொல்லியிருக்கிறேன்.

இதைக் கேட்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே ஏழெட்டு பாஸ்வேர்டு அடித்துப் பார்த்துவிட்டீர்கள், யாரோ ஒருவர் "இன்னுமா ஆகல?" என்று பின்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் அவரை டீ குடிக்க அனுப்புங்கள்.

அப்புறம் பிழைச் செய்தியைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். 1045 என்ற எண்ணைப் பார்த்ததும் பாதிப்பேர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'யூசிங் பாஸ்வேர்டு' என்று ஒன்று இருக்கும். அதில் 'நோ' என்றிருந்தால் நீங்கள் பாஸ்வேர்டே அனுப்பவில்லை. 'எஸ்' என்றால் ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது, அது ஏற்கப்படவில்லை. யூசர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோஸ்டையும் (எந்த மெஷினிலிருந்து வருகிறீர்கள் என்பது) பாருங்கள். ஒரே பெயர், வேறு ஹோஸ்ட் என்றால் மைஎஸ்கியூஎல்லுக்கு அது வேறு ஆள்.

இப்போதைய உபுண்டுவில் ரூட் கணக்கு பெரும்பாலும் 'ஆத் சாக்கெட்' முறையில்தான் இருக்கும். அது பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை, லினக்ஸில் நீங்கள் யார் என்பதைத்தான் பார்க்கும். 'சுடோ மைஎஸ்கியூஎல்' என்று அடித்தால் கதவு திறந்துவிடும். அதுவும் இல்லையென்றால் 'டெபியன்.சிஎன்எஃப்' ஃபைலில் பராமரிப்புக் கணக்கு ஒன்று பாஸ்வேர்டோடு இருக்கும். எதுவுமே இல்லாவிட்டால்தான் 'ஸ்கிப் கிராண்ட் டேபிள்ஸ்', அதாவது பாஸ்வேர்டே கேட்காமல் சர்வரை ஓடவிடும் ஆப்ஷன். அதில் உள்ளே போனதும் முதலில் உரிமைப் பட்டியலை மறுபடி ஏற்றும் 'ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்', அதற்கப்புறம்தான் பாஸ்வேர்டை மாற்றும் 'ஆல்டர் யூசர்'. வரிசை மாறினால் பாஸ்வேர்டை மாற்ற விடாது. வேலை முடிந்ததும் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

இந்தப் பத்து நிமிட வேலை தெரியாமல் நான் செய்ததைச் சொல்கிறேன்.

அன்று உண்மையில் அவசரம் எதுவுமே இல்லை. அப்ளிகேஷன் தன் சொந்தக் கணக்கில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டேபிளில் ஒரு நெடுவரிசை (காலம்) சேர்க்க வேண்டும், அதற்கு ரூட் வேண்டும், அவ்வளவுதான். ரூட் பாஸ்வேர்டை மூன்று மாதம் முன்பு வேலையை விட்டுப்போன ஒருவர் மாற்றியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நான் ரிமூவ் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். அதே பிழை. பழைய டேட்டா டைரக்டரி அப்படியே இருக்கிறது, அதற்குள் பழைய பாஸ்வேர்டும் இருக்கிறது என்று அப்போது புரியவில்லை. 'எதுவோ ஒட்டிக்கொண்டு வருகிறது, சுத்தமாகத் துடைத்துவிடலாம்' என்று பர்ஜ் அடித்தேன். எல்லா டேட்டாபேஸ்களையும் நீக்கவா என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது. பேக்கப் இருக்கிறதே என்ற தைரியத்தில் 'எஸ்' கொடுத்தேன்.

பேக்கப் இருந்தது. தினமும் இரவு இரண்டு மணிக்கு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து ஜிஜிப்பால் சுருக்கி வைக்கும் கிரான், அதாவது நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை. தேதி வாரியாக ஃபைல்கள் அணிவகுத்து நின்றன. நேற்றைய ஃபைலைத் திறந்தேன், காலி. முந்தாநாள் ஃபைலும் காலி. அளவைப் பார்த்தேன்: 20 பைட். அதற்கு மேலே இருப்பதும் 20. மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால் மூன்று மாதத்துக்கு 20, 20, 20. வெறுமையை ஜிஜிப் செய்தால் 20 பைட் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ரூட் பாஸ்வேர்டு மாறிய நாளிலிருந்து டம்ப் உள்ளேயே போகவில்லை. ஆனால் கட்டளைகளைச் சங்கிலியாக இணைக்கும் பைப்பின் கடைசியில் இருந்த ஜிஜிப் தன் வேலையைச் சரியாக முடித்ததால் ஸ்கிரிப்ட் 'வெற்றி' என்றே பதிவு செய்திருந்தது. சங்கிலியில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' ஸ்கிரிப்டில் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். என்னை வெளியே நிறுத்திய அதே பாஸ்வேர்டு பேக்கப்பையும் மூன்று மாதமாக வெளியே நிறுத்தியிருக்கிறது.

டேட்டாவில் நடந்த மாற்றங்களைப் பதிவு செய்யும் பின்லாக்? அதுவும் அதே டைரக்டரியில்தான் இருந்தது.

மீட்ட கதையை ரொம்ப இழுக்கவில்லை. மேற்கொண்டு ஒரு பைட்கூட எழுதாமல் மெஷினை நிறுத்தி, டிஸ்கை வேறொரு மெஷினில் மாட்டி, 'டிடி' கட்டளை கொண்டு முழு நகல் எடுத்தோம். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி வழக்கமாக 16 கேபி பக்கங்களாக எழுதுகிறது. அந்தப் பக்கங்களைத் துழாவி எடுக்கும் 'அன்ட்ராப் ஃபார் இன்னோடிபி' என்ற டூல் கொஞ்சம் கொடுத்தது. எங்களுடையது பழைய சுழலும் டிஸ்க். எஸ்எஸ்டியாக இருந்து, அழித்த இடங்களை விடுவிக்கும் டிரிம் ஓடியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. மீதியை மூன்று மாதம் பழைய டம்ப்பிலிருந்தும், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மெயில்களைப் பார்த்துக் கையால் தட்டியும் நிரப்பினோம். எல்லாம் வரவில்லை.

இன்றைக்கும் உறுத்துவது வேறு. அப்ளிகேஷனின் கான்ஃபிக் ஃபைலில் அதன் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகக் கிடந்தது. பர்ஜ் அடிக்கும் முன் அந்தக் கணக்கை வைத்தே முழு டம்ப் எடுத்திருக்கலாம். நீங்கள் இதை இப்போதே செய்யுங்கள். முடியாவிட்டால் சர்வரை நிறுத்திவிட்டு டேட்டா டைரக்டரியை முழுசாகக் காப்பி எடுங்கள். முழுசாக என்றால் இன்னோடிபியின் பொது ஃபைலான 'ஐபிடேட்டா1' உட்பட. டேபிள் ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் இன்னோடிபி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

'டாக்கர் இருக்கும் காலத்தில் இதெல்லாமா' என்று ஒருவர் வருவார். வாருங்கள் ஐயா. டேட்டாவைத் தனியாக வைக்கும் வால்யூம் கட்டாமல், டாக்கரில் புரோகிராம் ஓடும் பெட்டியான கன்டெய்னரை அழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 'சின்ன இடம், அதான் இப்படி' என்பவர்களுக்கு: 2017 ஜனவரி 31 அன்று, கோடு சேமிக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறுதலாகப் பிரைமரி டேட்டாபேஸ் டைரக்டரியையே அழித்தார். அவர்களுடைய டம்ப்பும் வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. சுமார் ஆறு மணி நேரம் பழைய ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதற்கு ஒரு சல்யூட்.

எங்கள் இடத்தில் வெளியிட்டது என் பெயரை மட்டும்தான். பாஸ்வேர்டை மாற்றியவர் பெயர் அந்த ரிப்போர்ட்டில் இல்லை. டேட்டாபேஸ் ஆள் என்று எடுத்துவிட்டு, பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னையே கூப்பிட்ட இடம் அது. 'கம்ப்யூட்டர்தானே, எல்லாம் ஒன்றுதானே' என்பார்கள். டோனர் மாற்றிய கையோடுதான் அன்று பகல் முழுக்க ஓடினேன், அதனால்தான் அந்த வேலை ராத்திரி பதினொரு மணிக்குப் போனது. சம்பள உயர்வுப் பேச்சு வந்தபோது டோனர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, 20 பைட் மட்டும் வந்தது. சரி, அதை விடுங்கள்.

எதையும் நீக்கும் முன் உங்கள் பேக்கப் ஃபோல்டரில் 'எல்எஸ் -எல்' போட்டு ஃபைல் அளவைப் பாருங்கள். அந்த எண்ணையும், சர்வர் வெர்ஷனையும், பிழைச் செய்தியின் முழு வரியையும் கீழே போடுங்கள். இரவு பத்துக்கு மேல் பார்க்கிறேன்.