ஹைடல்பெர்க் கோட்டை: கேட்டவர்களுக்குப் பதில்

ஜெர்மனியில் இருக்கும் இந்தக் கோட்டைக்குப் பிராங்க்பர்ட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

திரும்பலாம், ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள் என்பேன். மாலையில் பழைய பாலத்தைக் கடந்து, நெக்கர் ஆற்றின் எதிர்க்கரையில் ‘தத்துவஞானிகள் பாதை’க்கு ஏறுங்கள். சாயும் வெயிலில் கோட்டையின் செம்மணற்கல் சுவர்கள் சிவப்பதை அங்கிருந்துதான் முழுதாகப் பார்க்க முடியும்.

பாதி இடிந்த கோட்டையை ஏன் திரும்பக் கட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பிரெஞ்சுப் படைகள் 1689இலும் 1693இலும் கோட்டையைச் சிதைத்தன. 1764இல் மின்னல் தாக்கி எரிந்தது. பிறகு ஊர்க்காரர்களே கற்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டினார்கள். அதைத் தடுக்கப் போராடியவர் ஷார்ல் தெ கிரெம்பெர்க், ஒரு பிரெஞ்சுக்காரர்! 1810இல் வந்தவர், இடிபாடுகளை வரைந்து தள்ளினார். கோட்டை முற்றம் கண்ணில் படும்படி அங்கேயே குடியிருந்து காவல் காத்தார். 1864இல் அந்த ஊரிலேயே இறந்தார். பின்னாளில் முழுதாகக் கட்டலாமா என்று பெரிய விவாதம் நடந்து, கோட்டைக்குள் இருக்கும் பிரீட்ரிக் மாளிகையை மட்டும் புதுப்பித்தார்கள். மற்றவை இருந்தபடியே காக்கப்படுகின்றன. அதுவே சரி. புதிதாகக் கட்டியிருந்தால் கிரெம்பெர்க் காத்தது நமக்குக் கிடைத்திருக்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மேலே ஏற முடியுமா?

ஏற வேண்டாம். கோர்ன்மார்க்ட் சதுக்கத்திலிருந்து மலை ரயில் போகிறது. கோட்டைதான் முதல் நிறுத்தம். முற்றத்தில் கருங்கல் பாவிய தரை மேடுபள்ளமாக இருக்கும், நல்ல செருப்பு அணியச் சொல்லுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் அந்தப் பெரிய மதுப்பீப்பாய் உண்மையிலேயே பயன்பட்டதா?

1751இல் செய்தது, சுமார் 2,20,000 லிட்டர் கொள்ளும். திராட்சை விவசாயிகள் வரியாகச் செலுத்திய மதுவை ஊற்றிவைக்கவே இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். யார் தோட்டத்து மது என்ற பேதமில்லாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். குழந்தைகளை அதன் உச்சியிலுள்ள நடன மேடைக்கு அழைத்துப் போங்கள்.

நேரம் குறைவு. ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால்?

வெடித்த கோபுரம். ஆறு மீட்டருக்கும் அதிகத் தடிப்புள்ள சுவர், பிரெஞ்சுப் படைகள் வைத்த வெடிமருந்தில் தூளாகவில்லை. ஒரு பக்கம் அப்படியே பிளந்து அகழியில் சரிந்துவிட்டது. அந்தப் பாளம் இன்றும் சாய்ந்தபடி கிடக்கிறது.