இலை பதித்த மண் தட்டு வெடிக்காமல், கரையாமல் வர

"அக்கா, செங்கோட்டையை அடுத்த புளியரையில் இருக்கிறேன். நவராத்திரிக்கு வீட்டுக்கு வருகிற பெண்களுக்குக் குங்குமம், மஞ்சள் வைத்துக் கொடுக்கச் சின்னச் சின்ன மண் தட்டுகள் நானே செய்ய ஆசை. குளத்து மண்ணைப் பிசைந்து தேக்கிலையை வைத்து அழுத்திப் பார்த்தேன். நரம்பு சரியாக விழவில்லை, இலையை எடுக்கும்போது மண்ணும் கூடவே பிய்ந்து வந்தது. தேறிய இரண்டு தட்டும் காயும்போது ஓரத்தில் வெடித்துவிட்டன. அதையும் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன், கல் மாதிரி இருந்தது, கழுவினதும் சேறாகிவிட்டது. எங்கே தப்பு? இதில் கற்கண்டு, சுண்டல் வைத்துக் கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உங்கள் நாலு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான், ஈரம். எந்த நேரத்தில் மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால் இலை பதிப்பது பெரிய வித்தையே இல்லை.

முதலில் ஓவனை விட்டுவிடுங்கள். வீட்டு ஓவன் எவ்வளவு முடுக்கினாலும் 250 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். அந்தச் சூட்டில் நாம் ஊற்றிப் பிசைந்த தண்ணீர் மட்டும்தான் போகும். களிமண்ணுக்குள்ளேயே, அதன் துகளோடு துகளாகப் பிணைந்து இன்னொரு நீர் இருக்கிறது. அது கழன்று வெளியேற ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரி வரை சூடு வேண்டும். அது போன பிறகுதான் மண் ஓடாகிறது, அப்புறம் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாலும் கரையாது. அதற்கு முன்னால் தட்டினால் கல் மாதிரி இருந்தாலும் அது காய்ந்த சேறுதான். கரைந்த மண்ணைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சூளையைப் பார்க்காத மண்ணை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் பிசையலாம். ஒன்று மட்டும், வெடித்த தட்டை முழுசாகக் காயவிட்டுப் பிறகு வாளித் தண்ணீரில் போடுங்கள். நன்றாகக் காய்ந்தது பொலபொலவென்று உதிர்ந்துவிடும், அரைகுறை ஈரத்தில் போட்டால் கட்டி கட்டியாகவே கிடந்து உயிரை வாங்கும்.

அடுத்தது மண். குளத்தில் நாமாக இறங்கி மண் அள்ளுவதற்கு அனுமதி வேண்டும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மண்ணில் வேர், கல் மட்டுமல்ல, நத்தை ஓடும் கிடக்கும், இந்த வேலைக்கு அதுதான் பெரிய எதிரி. ஓட்டுத் துண்டு சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். தட்டு அழகாக வெளியே வரும், நீங்களும் தாம்பூலத்தோடு கொடுத்துவிடுவீர்கள், சில நாள் கழித்து அந்தச் சுண்ணாம்பு காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து உப்பும், தட்டின் மேல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தெறித்த குழிக்குள் உற்றுப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், அதுதான் நத்தை. குளத்து மண்தான் வேண்டும் என்றால் கூழாகக் கரைத்து, மாவு சலிக்கிற சல்லடையில் வடித்து, பழைய வேட்டியில் ஊற்றி ஈரம் இறங்கவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பக்கத்தில் பானை, அகல் செய்கிற வேளார் வீட்டிலேயே பக்குவம் செய்த மண்ணை விலைக்கு வாங்கிவிடுங்கள். அவர்கள் மணல் கலந்து, மிதித்து, புளிக்கவிட்டு வைத்திருப்பார்கள். இன்னொரு லாபமும் உண்டு, கடைசியில் தட்டைச் சுடுவதற்கும் அவர்கள் வாசலுக்குத்தான் போகப் போகிறீர்கள், அவர்கள் மண் அவர்கள் சூளைக்குப் பழகின மண்.

மண் கெட்டியான பூரி மாவுப் பதத்தில் இருக்கட்டும். விரல் தடிமனுக்குத் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள், வெளிப்பக்கம் கீறல் விட்டால் தண்ணீர் போதவில்லை, உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் அதிகம். உங்கள் இலையோடு மண் பிய்ந்து வந்ததற்குப் பாதிக் காரணம் இந்த அதிக ஈரம்தான். மீதிப் பாதி தேக்கிலை. அதன் நரம்பு பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் அடிப்பக்கம் பூராவும் சுணை, அது மண்ணைக் கவ்விக்கொள்ளும், போதாததற்கு இலையும் முறம் அகலம். குங்குமத் தட்டுக்கு வெற்றிலையை மிஞ்ச ஆள் கிடையாது. காம்பிலிருந்து கிளம்பி ஓரத்தை ஒட்டி வளைந்து போகிற நரம்பு, தட்டுக்கு ஏற்ற அளவு, மென்மை, எல்லாம் அதில் இருக்கிறது. பூவரசு, அரசு, பாகல் இலையும் நன்றாக வரும். ஓடைக்கரையில் கிடைக்கிற பெரணி இன்னும் அழகு, ஆனால் எடுக்கும்போது ஒவ்வொரு சிறகாகப் பார்த்து எடுக்க வேண்டும். சருகு வேண்டவே வேண்டாம், அழுத்தினால் நொறுங்கி மண்ணுக்குள் போய்விடும். விறைப்பான இலையாக இருந்தால் ஒரு ராத்திரி வாடவிடுங்கள், நடுநரம்பு தடியாக இருந்தால் பிளேடால் கொஞ்சம் சீவிக்கொள்ளுங்கள்.

சரி, தட்டுக்கு வருவோம். பழைய பருத்தித் துணியை விரித்து, இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் தடிமனில் மரச் சட்டம் வைத்து, நடுவில் மண்ணைப் போட்டு சப்பாத்திக் கட்டையால் தேயுங்கள். கட்டை சட்டத்தின் மேல் ஓடுவதால் தகடு எங்கும் ஒரே கனமாக வரும். நடுவிலிருந்து வெளியே தேய்க்க வேண்டும், இரண்டு மூன்று தேய்ப்புக்கு ஒருமுறை துணியோடு தூக்கித் திருப்பிப் போட வேண்டும். ஒரே பக்கமாகத் தேய்த்த தகடு காயும்போது அந்தப் பக்கமாகவே கோணிக்கொள்ளும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்து மேற்பரப்பை இரண்டு பக்கமும் வழித்துவிடுங்கள், துணியின் நூல் தடமும் போகும், மண்ணும் இறுகும்.

இப்போது உடனே இலையை வைக்காதீர்கள். வழித்த மண் ஈரத்தில் பளபளக்கும், அந்தப் பளபளப்பு அடங்கி மேல்பக்கம் மங்கலாகும்வரை காத்திருங்கள். விரலை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. இந்தப் பதம் வந்ததும் இலையின் அடிப்பக்கம், அதாவது நரம்பு புடைத்துத் தெரிகிற பக்கம், மண்ணைப் பார்க்கும்படி வையுங்கள். பலரும் பச்சையாக அழகாக இருக்கிற மேல்பக்கத்தை மண்ணில் வைத்துவிட்டு நரம்பு விழவில்லை என்கிறார்கள், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காம்பை ஒரு விரல் அளவு வெளியே நீட்டிவிட்டு, காம்புப் பக்கத்திலிருந்து நுனி வரை கட்டையை நிதானமாக ஒரே ஒருமுறை அழுத்தி ஓட்டுங்கள். போதவில்லையோ என்று திரும்ப ஓட்டினால் இலை இம்மி நகரும், நரம்பு இரட்டை இரட்டையாக விழும்.

இலையை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிக் கத்தியால் வெட்டுங்கள். வெட்டின ஓரம் கூராக இருக்கும், அதன் மேல் மெல்லிய பாலித்தீன் தாளைப் போட்டு விரலால் ஓட்டினால் உருண்டு வழவழவென்று வந்துவிடும். வெடிப்பு எப்போதும் இந்தக் கூரான, மெலிந்த ஓரத்தில்தான் தொடங்குகிறது, அதனால் இதற்குச் சோம்பல் படாதீர்கள். பிறகு குழிவுக்காக ஒரு பழைய மண்சட்டிக்குள் துணி விரித்து அதில் தகட்டை இறக்கிப் படியவிடுங்கள். மண்சட்டி தானும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், எவர்சில்வர் கிண்ணம் உறிஞ்சாது. கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் தகட்டைப் போர்த்திக் காயவைக்கிற முறையும் உண்டு. அப்படிச் செய்தால் தொட்டால் குழியாத அளவுக்கு இறுகினதும் எடுத்துவிட வேண்டும், காயக் காய மண் சுருங்கும், உள்ளே இருக்கிற கிண்ணம் சுருங்காது, வேறு வழியில்லாமல் தட்டு வெடிக்கும்.

உருவம் நின்றதும் இலையை எடுங்கள். ஈர்க்குச்சி நுனியால் காம்பை லேசாக நெம்பி, மேல்நோக்கி இழுக்காமல் இலையை அதன் முதுகின் மேலேயே மடக்கினாற்போல் பின்னுக்கு உரியுங்கள். பதம் சரியாக இருந்தால் நடுநரம்பு ஒரு வாய்க்கால் மாதிரி விழுந்திருக்கும், அதிலிருந்து கிளை பிரிந்து, கிளைக்கு நடுவே நூலை விடச் சன்னமான வலைப்பின்னல் கூடத் தெரியும். நாலைந்து தட்டு செய்தும் அந்த வலை தெரியவில்லை என்றால் மண்ணில் மணல் பெரிதாக இருக்கிறது, நைஸாகச் சலித்த மண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

காயவைப்பதில்தான் உங்கள் ஊர்க்காரர்கள் மற்றவர்களை விடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆனியிலிருந்து ஆவணி வரை சாரல், கூடவே ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று. சாரல் விழும்போது தட்டு நாள் கணக்கில் காயாது, சற்று வெறித்ததும் காற்று ஒரே பக்கமாக அடித்து அந்த ஓரத்தை மட்டும் உலர்த்திவிடும். காய்ந்த ஓரம் சுருங்க, ஈரமான நடுப்பகுதி சுருங்காமல் நிற்க, இந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. எனவே திண்ணையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். காற்று நேராகப் படாத உள்ளறையில், முதல் இரண்டு மூன்று நாள் பாலித்தீன் தாளால் தளர்வாக மூடி, ஓரத்தை மட்டும் இன்னொரு ஈரத்துணித் துண்டால் சுற்றி வையுங்கள். இறுகியதும் சட்டியிலிருந்து எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கமும் காற்று வாங்கும்படி இரண்டு குச்சிகளின் மேல் வையுங்கள். சாரல் நாளில் இது பத்து நாள் ஆனாலும் ஆகும், அவசரப்படாதீர்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் பாக்கி.

அந்தப் பாக்கி ஈரம்தான் சூளையில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தட்டை வெடிக்க வைக்கிறது. மண்ணில் காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று சொல்வார்கள், ஆனால் நன்றாகக் காய்ந்த தட்டில் வெறும் குமிழி இருப்பதால் மட்டும் அது வெடிக்காது.

பிசிறு இருந்தால் காய்ந்தபின் உப்புத்தாள் போடாதீர்கள், அந்தத் தூளில் இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாலே போதும். நரம்பு இன்னும் எடுப்பாகத் தெரிய, காவியைத் தண்ணீரில் கரைத்துப் பதிவின் மேல் பூசி, பிழிந்த ஸ்பாஞ்சால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். மேட்டில் உள்ளது போய், பள்ளத்தில் மட்டும் நிற்கும். பெயின்டை விட எனக்கு இதுதான் பிடிக்கும், சுட்டபிறகும் மண்ணோடு மண்ணாக இருக்கும்.

சுடுவதற்கு நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே சூளைக்காரரிடம் பேசிவைத்துவிடுங்கள். கொலு பொம்மை, கார்த்திகை அகல் என்று அடுத்தடுத்து அடுக்குகிற காலம், உங்கள் இருபது தட்டுக்கு அகல்களுக்கு நடுவில் இடம் கிடைத்துவிடும். தட்டுகளைப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வேறு இடத்து மண் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், உங்கள் தட்டு வெடித்துச் சிதறினால் சேதம் அவருடைய சரக்குக்கும்தான். கூலியையும் பேசிக் கொடுங்கள். வீட்டு முற்றத்தில் வரட்டி அடுக்கிச் சுடுவதும் நடக்கிற காரியம்தான், ஆனால் சூடு ஒரே சீராக ஏறாது, முதல் முயற்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கற்கண்டு, உலர்ந்த பழம் வைக்கலாம், ஆனால் நன்றாகச் சுட்டு, பெயின்டோ வார்னிஷோ படாத தட்டாக இருக்க வேண்டும். சுண்டல் வேண்டாம், சுட்ட மண்ணானாலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், எண்ணெயும் ஈரமும் உள்ளே இறங்கி வாடை பிடிக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு துண்டு வாழையிலை போட்டு வையுங்கள். பளபளப்புக்காகக் கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு மெருகை வாங்கிப் பூசிச் சுடவே கூடாது, சிலவற்றில் ஈயம் இருக்கும், புளிப்பு பட்டால் அது சாப்பாட்டில் இறங்கும். சுடத் தேவையில்லை என்று விற்கிற களிமண்ணில் செய்தால் அது குங்குமத்துக்கும் காதுத் தோட்டுக்கும் மட்டும், தண்ணீரும் சாப்பாடும் கிட்டவே வரக்கூடாது.

இலை பறிக்கக் குழந்தைகளை அனுப்புவதாக இருந்தால் அரளி, எருக்கு, கள்ளி மூன்றையும் முதலிலேயே காட்டி விலக்கிவிடுங்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சேம்பிலை நரம்பு ஆசை காட்டும், கை அரிக்கும். வேலியோரம் செந்தட்டி படர்ந்திருக்கும், அதைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு வேலை நடக்காது.