மார்லியின் குரலை எடுத்தது அவமரியாதையா?

கேள்வி: ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லியின் பாடல்களை ‘ஆம்பியன்ட் டப்’ (எக்கோ நிறைந்த, மெல்லப் பரவும் பின்னணி இசை) ஆக்கி, அமெரிக்கத் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் 1997-ல் வெளியிட்ட ‘ட்ரீம்ஸ் ஆஃப் ஃப்ரீடம்’ ஆல்பத்தைக் கேட்டேன். மார்லியின் குரலையே காணோம்! செத்துப்போன பாடகனின் பாட்டில் இப்படிக் கை வைப்பது அவமரியாதை இல்லையா?

பதில்: செத்த பிறகு என்கிறீர்கள். பாடகர் உயிரோடு இருக்கும்போதே ஜமைக்காவில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், அதுவும் அன்றாட வேலையாக. 1960களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஸ்பீக்கர் வைத்து இசைத்தட்டு போட்டு ஆட வைக்கும் அமைப்பு) நடத்திய ரூடி ரெட்வுட்டுக்காக ஒரு பாட்டை இசைத்தட்டில் வெட்டியபோது, எஞ்சினியர் குரலைச் சேர்க்க விட்டுவிட்டார். ரெட்வுட் அதை அப்படியே கூட்டத்தில் போட்டார். ஆடியவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, இல்லாத வரிகளை அவர்களே பாடினார்கள். அப்புறம் சிங்கிள் தட்டின் பின்பக்கம் குரலில்லாத ‘வெர்ஷன்’ போடுவது கிங்ஸ்டனில் வழக்கமாகிவிட்டது. டப் அதிலிருந்து பிறந்ததுதான்.

அதைக் கலையாக வளர்த்தவர்களில் முதல் பெயர் கிங் டபி. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்தவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில், ட்ரோமில்லி அவென்யூ வீட்டிலேயே நாலு டிராக் மிக்ஸர் (பாட்டின் ஒலிகளை நாலு தடமாகப் பிரித்துத் திறக்கவும் மூடவும் உதவும் கருவி) வைத்திருந்தார். டிரம்ஸும் பாஸும் ஓடிக்கொண்டிருக்கும். கிதாரை ஒரு கணம் திறந்து மூடுவார். அந்த ஒரே வெட்டு எக்கோவில் விழுந்து திரும்பத் திரும்ப வந்து கரையும். பாடகரின் குரலில் அரை வார்த்தை எட்டிப் பார்க்கும், மீதி வராது. மிச்சத்தை நம் காது தேடும். அந்தத் தேடல்தான் டப்.

சரி, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் ‘அசல்’ எது? 1973-ல் வந்த ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் பதிவான டேப்பை லண்டனில் வைத்து, ராக் ரசிகர்களின் காதுக்குத் தோதாக வெய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கரின் கிதாரையும், கூடுதல் கீபோர்டையும் மேலே ஏற்றினார் ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல். அதெல்லாம் இல்லாத ஜமைக்கா மிக்ஸ் 2001-ல்தான் கடைக்கு வந்தது. சேர்த்தால் அசல், எடுத்தால் அவமரியாதையா? லாஸ்வெல்லின் ஆல்பத்தை வெளியிட்டதும் அதே ஐலண்ட்தான் என்பது வேறு விஷயம்.

அதற்காக லாஸ்வெல்லுக்கு மாலை போடச் சொல்லவில்லை. அவரும் பாஸ் வாசிப்பவர். மார்லி குழுவின் ஆஸ்டன் பேரட் வாசித்த பாஸை எங்கே தொடக் கூடாது என்று தெரிந்தவர். ‘எக்ஸோடஸ்’ பாட்டு கிட்டத்தட்ட ஒரே கார்டில் ஏழு நிமிடத்துக்கு மேல் நடக்கும். குரலை எடுத்தாலும் நடை நிற்காது. அதே குழுவின் கார்ல்டன் பேரட் வாசித்த டிரம்ஸ் இன்னும் தெளிவாகக் கேட்கும். ‘நோ வுமன் நோ க்ரை’ அப்படி இல்லை. கிங்ஸ்டனின் ஏழைப் பகுதியான ட்ரெஞ்ச்டவுனின் அரசுக் குடியிருப்பு முற்றம், ராத்திரி மூட்டிய விறகுத் தீ, பகிர்ந்து குடித்த சோளமாவுக் கஞ்சி எல்லாம் வார்த்தையில் இருக்கின்றன. வார்த்தையை எடுத்துவிட்டு ஆர்கனை நீட்டினால், நட்சத்திர ஓட்டல் லிஃப்டில் ஒலிக்கிற சங்கதியாகிவிடுகிறது. குற்றம் சாட்டுவதானால் இதற்குச் சாட்டுங்கள். கிங் டபியின் வெட்டில் ஒரு முரட்டுத்தனம் உண்டு, கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். ஆம்பியன்ட் பல இடங்களில் அதைத் தடவித் தூங்க வைத்துவிடுகிறது.

இன்னொன்று: கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால், நீங்கள் பாஸையே கேட்கவில்லை. டப்பில் பாஸ் போனால் பாட்டே போச்சு. நல்ல ஹெட்ஃபோன் போட்டு, ஜமைக்கா இசைக்கலைஞர் அகஸ்டஸ் பாப்லோவும் கிங் டபியும் சேர்ந்த ‘கிங் டபி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ கேளுங்கள். ஜேக்கப் மில்லர் பாடிய பாட்டைக் கண்டதுண்டமாக வெட்டியிருப்பார்கள். அப்போது மில்லர் உயிரோடுதான் இருந்தார்.