எம்.ஏ. ஆங்கிலம் முடித்தாயிற்று, அடுத்து என்ன? கேள்வி பதில்

சில காலம் கல்லூரியில் பாடம் எடுத்தேன். இப்போது சென்னையில் ஆய்விதழ்களுக்கு காப்பி எடிட்டிங் பார்க்கிறேன். எனக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

எம்.ஏ. முடித்துவிட்டேன். எம்.ஃபில். சேரலாமா, நேரே பி.எச்டி.யா? (கரூர்)

எம்.ஃபில். படிப்பை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-லேயே நிறுத்திவிட்டது. யாராவது சேர்க்கை என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள். முதலில் நெட் எழுதுங்கள், அதாவது உதவிப் பேராசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடக்கும் தேசியத் தகுதித் தேர்வு. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100. மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். நம் ஆட்கள் இலக்கியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, முதல் தாளில் வரும் அட்டவணைக் கணக்கில் கோட்டை விடுவார்கள். அந்தத் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், தாராளமாக பி.எச்டி. சேருங்கள். வீட்டில் சும்மா இருக்கிறோமே என்பதற்காக உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம் என்பேன்.

செட் தேர்வு மட்டும் போதுமா? (நாகர்கோவில்)

செட் என்பது மாநில அளவிலான தகுதித் தேர்வு. தமிழ்நாட்டுக்குள் உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போதும். நீங்கள் இருக்கும் ஊருக்குக் கேரளா பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயும் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் நெட் வேண்டும்.

பி.எட். இருக்கிறது. அரசுப் பள்ளிக்கு முயற்சி செய்கிறேன். (அரியலூர்)

டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வுதான் வழி. அதில் தமிழ்த் தகுதித் தாளை அலட்சியமாக நினைக்காதீர்கள். 50-க்கு 20 எடுக்காவிட்டால் பாடத்தாளில் எவ்வளவு நன்றாக எழுதியும் பயனில்லை.

பாடம் நடத்தவே பிடிக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது? (கோவை)

நிறைய இருக்கிறது, ஆனால் நம் துறைகளில் யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்கள், புத்தகங்களின் எடிட்டிங், தயாரிப்பு வேலைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய நடக்கின்றன. டிஎன்க்யூ, நியூஜென், இன்டெக்ரா போன்ற நிறுவனங்களைத் தேடிப் பாருங்கள். வாக்கியம் திருத்துவது, மேற்கோள் பட்டியலை ஏபிஏ அல்லது சிகாகோ என்ற எழுத்து நடை விதிகளுக்குக் கொண்டுவருவது, புரியாத இடத்தில் ஆசிரியரிடம் கேள்வி எழுப்புவது, இதுதான் அன்றாட வேலை. ஆரம்பச் சம்பளம் குறைவு, கெடு கழுத்தை நெரிக்கும். இலக்கணப் பிழைகளை இப்போது மென்பொருளே பிடித்துவிடுகிறது. அது திருத்துகிறேன் என்று பொருளையே மாற்றிவிட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் மதிப்பு. வரிவரியாகக் கவிதை படித்துப் பழகியவருக்கு அது வரும்.

இன்னொன்று டெக்னிக்கல் ரைட்டிங். ஜோஹோ போன்ற மென்பொருள் நிறுவனங்களில், ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதித் தரும் வேலை. காப்பி எடிட்டிங்கைவிட சம்பளம் பொதுவாக மேல். மார்க்டவுன் (எளிய குறிகளால் ஆவணத்தை வடிவமைக்கும் முறை), கிட் (கோப்பில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள். சான்றிதழைவிட மாதிரி எழுத்துதான் முக்கியம். ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் ரத்து செய்வது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, அந்தத் தளத்தைத் தொட்டே பார்க்காத சித்தப்பாவிடம் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் முழிக்கிறாரோ அதைத் திருத்துங்கள். அப்படி மூன்று பக்கம் கையில் இருந்தால் நேர்காணலுக்குத் தைரியமாகப் போகலாம்.

மொழிபெயர்ப்பை நம்பி வாழ முடியுமா? (மதுரை)

இலக்கியத்தை மட்டும் நம்பி முடியாது. சட்ட ஆவணம், மருத்துவப் படிவம், சப்டைட்டில் என்று சேர்த்துச் செய்தால் ஓரளவு ஓடும். நாவலை ஆசைக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

வயது 41, பி.எச்டி. உண்டு. கௌரவ விரிவுரையாளர், ஆண்டுக்கு 11 மாதம்தான் சம்பளம். (விழுப்புரம்)

உடனே விட்டுவிடாதீர்கள். விடுமுறையில் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சியைப் பாருங்கள். சுமார் 120 மணி நேரம், அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். கட்டணம் அதிகம்தான், ஆனால் வெளிநாட்டு மொழிப் பள்ளிகளிலும் மதிப்பு உண்டு. அது வேண்டாமென்றால், பொறியியல் கல்லூரிகளில் வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பயிற்சியாளராகப் போகலாம். நாள் கணக்கில் சம்பளம். ஏஜென்சி வழியாகப் போனால், பணம் எத்தனை நாளில் வரும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.