தோழி என்னை ஒதுக்குகிறாள்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்குப் பதினாறு வயது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரே தோழி. இந்தக் கோடை விடுமுறையில் அவள் ஆளே மாறிவிட்டாள். டியூஷனில் உடன் படிக்கும் ஒருவனைப் பிடித்திருக்கிறதாம். அதையும் வேறொருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் பக்கத்தில் இருக்கும்போதே போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறாள். அது அதிர்ந்தால் முகம் மலர்கிறது. நான் பேச்சைப் பாதியில் நிறுத்தியதுகூட அவளுக்குத் தெரிவதில்லை. முன்பெல்லாம் பகல் முழுவதும் அவள் வீட்டில்தான் இருப்பேன். இப்போது "நாளைக்கு வாயேன்" என்கிறாள். எங்கள் வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. மார்ச்சிலிருந்து அப்பா வருவதில்லை, அவர் சட்டைகள் இருந்த தட்டில் அம்மா போர்வைகளை அடுக்கிவிட்டார், யார் கேட்டாலும் வெளியூரில் வேலை என்று சொல்லச் சொன்னார், தோழியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அது வேறு விஷயம். என்னிடம் எதையும் மறைக்காதவள் இப்படி மறைக்கலாமா? அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா? இத்தனை வருடப் பழக்கத்துக்கு இதுதான் மதிப்பா?

அன்பு மகளுக்கு,

'அது வேறு விஷயம்' என்று நீ ஒதுக்கியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பா போய்விட்டார். அழுது தீர்க்கக்கூட விடாமல் உன்னை ஒரு பொய்க்குக் காவல் வைத்திருக்கிறார்கள். உன் அம்மாவின் கூச்சம் புரிகிறது. ஆனால் அதை உன் தலையில் ஏற்றியது நியாயமில்லை.

கோபித்துக்கொள்ள அப்பா எதிரில் இல்லை. நொந்துபோயிருக்கும் அம்மாவிடம் கோபப்பட மனம் வரவில்லை. மிச்சம் இருந்தவள் தோழி. சேரவேண்டிய இடத்தில் சேராத கோபம், திருப்பி அடிக்காத ஆள்மேல் இறங்கும். ஃப்ராய்ட் காலத்திலிருந்தே உளவியல் இதை இடமாற்றம் என்கிறது.

இனிச் சொல்வது உனக்குக் கசக்கும். அவள் மறைத்தாள் என்கிறாய். நீ மறைத்தது அதைவிடப் பெரிதில்லையா? உன் வீட்டு நிலைமை தெரிந்திருந்தால் "நாளைக்கு வாயேன்" என்று சொல்லியிருப்பாளா? தெரிந்துகொள்ள நீ வழியே விடவில்லையே. அந்த வயதில் ஒருவனைப் பிடிப்பது உனக்குச் செய்யும் துரோகமும் இல்லை. (நாளை உனக்கும் பிடிக்கும். நீயும் போனைக் கவிழ்த்துத்தான் வைப்பாய்.)

அவள் அம்மாவிடம் போகாதே. அக்கறை என்ற பெயரில் பழிதீர்க்கும் வேலை அது. அவன் படம் கேட்கிறான், மிரட்டுகிறான் என்று தெரிந்தால் மட்டும் தயங்காமல் பெரியவர்களிடம் சொல்.

உன் அம்மாவிடம், "மற்றவர்களுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒரே ஒருத்தியிடம் நான் உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பார். மறுத்தால் சண்டை போடாதே. ஆனால் தோழியிடம் சொல்லிவிடு. அன்றைக்கு அந்தப் பையனின் பேச்சை நீயாக எடுக்காதே. அவளாக எடுத்தால் கேள்.