முப்பது ஆண்டுகளாக வளர்ந்த ஓர் அலை: ஓவியர் ஹோகுசாய் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஹோகுசாய் யாரிடம் ஓவியம் கற்றார்?

பதில்: 1760-இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில் பிறந்த அவர், ஆறு வயதிலிருந்தே கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்துகொண்டிருந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பதின்ம வயதில் அச்சுக்கான மரக்கட்டைகளைச் செதுக்கும் தொழிலைப் பழகிய பிறகே, கபுகி என்னும் ஜப்பானிய நாடகத்தின் நடிகர்களது உருவங்களை வரைந்து பெயர் பெற்றிருந்த கட்சுகவா ஷுன்ஷோவிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்தச் செதுக்கு வேலையை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஜப்பானிய மர அச்சில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர், மை பூசி அச்சிடுபவர் இன்னொருவர். உளியின் முனை எந்தக் கோட்டுக்கு இணங்கும், எதற்கு இணங்காது என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர் வரையும் கோட்டில் தயக்கம் இருப்பதில்லை.

கேள்வி: மேலைநாட்டு ஓவியத்தின் தாக்கம் அவரிடம் உண்டு என்கிறார்களே, அது மிகைப்படுத்தலா?

பதில்: மிகை இல்லை. ஆசிரியர் ஷுன்ஷோ மறைந்த பின் அவருடைய ஓவியப் பள்ளியை விட்டு விலகிய ஹோகுசாய், ரின்பா என்னும் ஜப்பானிய அலங்கார ஓவிய மரபையும் சீன ஓவியத்தையும் பயின்றதோடு, டச்சு வணிகர்கள் வழியாக ஜப்பானுக்குள் வந்த செப்புத்தகட்டு அச்சுகளைப் பார்த்து, தொலைவு கூடக் கூடப் பொருள்கள் சிறுத்துத் தோன்றும் முறையையும் கற்றுக்கொண்டார். 1805-ஐ ஒட்டி அவர் வரைந்த கடற்காட்சி ஒன்றில், ஐரோப்பியப் படங்களைப் போலச் சுற்றிலும் சட்டம் இருக்கும். ஜப்பானிய எழுத்துகளையே படுக்கைவாட்டில் சாய்த்து, அயல்நாட்டு எழுத்து போலத் தோன்றும்படி தலைப்பும் கையொப்பமும் இட்டிருப்பார்.

கேள்வி: அவருடைய புகழ்பெற்ற அச்சோவியமான 'கனகாவா பேரலை' திடீரென்று உதித்த கற்பனையா?

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். 1803-ஐ ஒட்டி ஒரு முறையும், மேலே நான் குறிப்பிட்ட 1805 படத்தில் மறுமுறையும், ஓங்கி எழும் அலையையும் அதனடியில் தத்தளிக்கும் படகையும் அவர் வரைந்துவிட்டார். அவ்விரு படங்களிலும் அலை கனத்துத் திரண்டு நிற்கிறதே தவிர, பாய்வதில்லை. 1831 வாக்கில் வெளிவந்த பேரலையில் நுரையின் விளிம்பு நகங்களாகப் பிளந்து படகோட்டிகளின் தலைக்கு மேல் வளைகிறது; மீன் ஏற்றிச் செல்லும் அந்த விரைவுப் படகுகளில் ஆட்கள் குனிந்து ஒடுங்கியிருக்கிறார்கள். முன்னால் எழும் சிறிய அலை ஃபூஜி மலையின் வடிவத்தையே கொண்டிருக்க, உண்மையான ஃபூஜி அலைகளுக்கு நடுவே, தொலைவில், பனி மூடிய சிறு முக்கோணமாக நிற்கிறது. நுரையிலிருந்து தெறிக்கும் வெண்துளிகள் அம்மலைமீது பெய்யும் பனி போலவே தோன்றுகின்றன. அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிரஷ்ய நீலம் என்னும் நிறமி கடலுக்கு ஆழத்தைத் தந்தது. ஆனால் நீலம் எல்லா ஓவியர்களுக்கும் கிடைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே காட்சியைக் கைவிடாமல் திரும்பத் திரும்ப எடுத்து வரைந்த பொறுமை அவரிடம் இருந்தது. இத்தனையும் அடங்கிய தாளின் அகலம் சுமார் 37 செ.மீ. மட்டுமே.

கேள்வி: பேரலையும் இடம்பெற்ற 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' வரிசையில் 46 படங்கள் இருப்பது ஏன்?

பதில்: வரிசைக்குக் கிடைத்த வரவேற்பினால் பிறகு 10 படங்கள் சேர்க்கப்பட்டன.

கேள்வி: கலைஞராக அவர் எட்ட விரும்பிய இலக்கு என்ன?

பதில்: 1834-இல் வெளிவரத் தொடங்கிய, ஃபூஜியை நூறு விதமாகக் காட்டும் தமது நூலின் பின்னுரையில் அதை அவரே சொல்லிவிட்டார். எழுபது வயதுக்கு முன் வரைந்தவற்றில் பொருட்படுத்தத்தக்கது எதுவும் இல்லை. எழுபத்து மூன்றில்தான் பறவை, விலங்கு, பூச்சி, மீன் ஆகியவற்றின் அமைப்பும் செடிகொடிகளின் வளர்ச்சியும் ஓரளவு புரிந்தன. எண்பதில் இன்னும் முன்னேறி, தொண்ணூறில் பொருள்களின் உட்பொருளைக் கண்டு, நூற்றுப் பத்தில் தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதை அவையடக்கமாக மட்டும் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. பேரலையை முடித்துப் புகழின் உச்சியில் இருந்தவர், அந்தப் புகழையே அளவுகோலாக ஏற்க மறுத்து எழுதிய வரிகள் அவை.

கேள்வி: எனக்கு ஐம்பது வயது ஆகிறது, இப்போதுதான் வரையத் தொடங்கியிருக்கிறேன். அவரிடமிருந்து நடைமுறையில் எதைக் கற்கலாம்?

பதில்: 1839-இல் தீ விபத்தில் தாம் வரைந்த படங்களை இழந்த அவர், 1842-இலும் 1843-இலும், எண்பதைக் கடந்த வயதில், தீமையை விரட்டும் சிங்க உருவங்களை அன்றாடப் பயிற்சியாக வரைந்துவந்தார், அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. நாள்தோறும் புதிய பொருளைத் தேடி அலையாமல், உங்களுக்கு அணுக்கமான ஒன்றை, வீட்டு வாசலில் நிற்கும் முருங்கையாக இருந்தாலும் சரி, தேர்ந்தெடுத்துத் தேதியிட்டு வரையுங்கள். பழைய தாள்களைக் கிழித்துவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று அலைப் படங்களையும் அருகருகே வைத்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அவர் எதை நீக்கினார், எதை இடம் மாற்றினார் என்று குறித்துக்கொண்டு, அதே கேள்விகளை உங்கள் தாள்களிடமும் கேட்டுப் பாருங்கள்.