சான்றிதழா, டிப்ளமோவா, பட்டமா? நுண்கலைப் படிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

என் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். சென்னை கவின்கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் செலவழிப்பதைவிட, எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோவில் சேர்த்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானா?
— ஒரு தாய், திண்டிவனம்

ஒன்றல்ல, அம்மா. பட்டம் என்பது சட்டத்தின் காவலுக்கு உட்பட்டது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி, பல்கலைக்கழகங்களும் அவ்வாறு அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். ‘டிப்ளமோ’, ‘சான்றிதழ்’ என்னும் பெயர்களுக்கு அந்தச் சட்டத்தில் அத்தகைய காவல் இல்லை. அரசுக் கல்லூரி மூன்று ஆண்டுகள் பயிற்றுவித்துத் தருவதும் டிப்ளமோதான். தெருமுனைப் பயிற்சி மையம் மூன்று மாதங்களில் அச்சடித்துத் தருவதும் டிப்ளமோதான். ஆகவே படிப்பின் பெயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். சான்றிதழில் கையெழுத்திடுபவர் யார், அதை எந்த அலுவலகம், எந்தக் கல்லூரி ஏற்றுக்கொள்கிறது என்னும் இரண்டு கேள்விகளையும் அந்த நிறுவனத்திடமே கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள்.

டிப்ளமோ என்றாலே தாழ்ந்தது என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. உங்கள் மகள் சேர விரும்பும் கல்லூரியே 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளியாக இருந்து, பின்னர் அரசின் வசம் வந்ததாகும். அங்கே பட்டப் படிப்பு பிற்காலத்தில்தான் வந்தது, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமுறையினர் அங்கிருந்து பெற்று வந்தது டிப்ளமோவே. அந்தத் தாளுக்கு மதிப்பைத் தந்தது அவர்கள் அங்கே செலவிட்ட ஆண்டுகளும், தேவி பிரசாத் ராய் சௌத்ரி போன்ற ஆசிரியர்களின் கண்காணிப்பும்தான். மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவர்.

இன்று நிலைமை வேறு. அந்தக் கல்லூரியும் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியும் இப்போது 2013இல் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்காண்டு இளங்கலைப் பட்டம் வழங்குகின்றன. சேர்க்கைக்கு ப்ளஸ் டூ தேர்ச்சியோடு வரைதல் திறனைச் சோதிக்கும் தேர்வும் உண்டு. முதுகலை படிக்கவும், பின்னர் தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’ எழுதிக் கல்லூரி ஆசிரியராகவும் விரும்பினால் பட்டமில்லாமல் வழியில்லை. அதைவிட முக்கியமாக நான் கருதுவது பட்டறை வசதியைத்தான். நீர்வண்ணமும் பென்சிலும் வீட்டு மேசையிலேயே பழகலாம். சுடுமண் கலைக்கு வேண்டிய சூளையையும், பதிப்போவியத்துக்கு வேண்டிய அச்சு எந்திரத்தையும், உலோக வார்ப்புக்கு வேண்டிய உலையையும் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பதினேழு வயதில் தனக்கு எது பொருந்தும் என்று உங்கள் மகளுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஓவியம் என்று நினைத்து உள்ளே போய்ச் சிற்பத்தில் நிலைத்தவர்கள் பலர். ஓராண்டுப் படிப்பில் அப்படித் திசை மாறுவதற்கு இடமே இருக்காது. நுழைவுத் தேர்வில் இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால், உள்ளூர் வகுப்பை அடுத்த ஆண்டுத் தேர்வுக்கான பயிற்சியாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும். அந்த அளவில் அது நல்லதே.

ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் என்னும் இரண்டு நிலைகளையும் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டேன். பள்ளி ஓவிய ஆசிரியையாக இது போதுமா?
— வாசகி, பெரம்பலூர்

போதாது, இன்னும் ஒரு படி உள்ளது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அந்தத் தேர்வுகள் உங்கள் கைத்திறனுக்குச் சான்று. கற்பிக்கும் திறனுக்குச் சான்று தருவது தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி, அதாவது எல்லோரும் ‘டி.டி.சி.’ என்று சொல்லும் படிப்பு. கோடை விடுமுறையில் 42 நாள்கள், குறிப்பிட்ட சில ஊர்களில் மட்டும் நடக்கும். அறிவிப்பு வெளிவரும் நாளைத் தவறவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க நேரும் என்பதால் தேர்வுத் துறையின் அறிவிப்புகளை ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே கவனித்து வாருங்கள். கல்வித் தகுதி, வயது ஆகிய நிபந்தனைகளையும் அந்த அறிவிப்பிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டி.டி.சி. உங்களை விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவராக்கும், பணியைத் தந்துவிடாது. அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல் போன்ற பாடங்களுக்கான சிறப்பாசிரியர் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புவது எப்போதோ ஒருமுறைதான். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை போராடினார்கள் என்பதை நாளிதழ் வாசிப்பவர் யாவரும் அறிவர். நாற்பத்திரண்டு நாள் பயிற்சியைத் தவிர்க்கும்படி நான் சொல்லவில்லை. செலவும் காலமும் குறைவு, பெற்றுவிடுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி மற்ற வேலைகளை மறுத்துக் காத்திருக்காதீர்கள். தனியார் பள்ளிகளும் இந்தச் சான்றிதழைக் கேட்கின்றன.

எனக்கு 26 வயது. கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். ஓவியம் படிக்க வேலையை விடலாமா, அல்லது வயது கடந்துவிட்டதா?
— வாசகர், ஓசூர்

மேலே குறிப்பிட்ட பணிக்கர் குடும்பச் சுமையால் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய், 1936இல், தம் 25ஆம் வயதில்தான் இன்றைய கவின்கலைக் கல்லூரியான சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் அதே நிறுவனத்தின் முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் தொடங்கினார். ஆகவே வயதைப் பற்றி அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது மாதத் தவணைகளைப் பற்றித்தான். பட்டப் படிப்புக்கு வயது வரம்பு உண்டா என்பதை இவ்வாண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டு, வேலையை விடுவதற்கு முன்பே ஓராண்டு மாலை வகுப்போ வார இறுதிச் சான்றிதழ் வகுப்போ முயன்று பாருங்கள். அலுவலகக் களைப்போடு வந்து, முகமும் கையும் வரைந்து வரைந்து அழிக்கும் பயிற்சியில் ஓராண்டு நீடிக்க முடிந்தவருக்கு மேற்கொண்டு என்ன செய்வது என்பது தானே தெளிவாகும். சான்றிதழ்ப் படிப்பின் சரியான பயன் இதுதான் என்பது என் கருத்து. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள, தேசிய நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதமியின் மண்டல மையத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். கலைஞர்கள் அங்கே பட்டறைகளில் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

என் மகனுக்கு நாதசுரத்தில் ஆர்வம். எங்கள் குடும்பத்தில் யாரும் வாசித்ததில்லை. எங்கே தொடங்குவது?
— வாசகர், இராமநாதபுரம்

கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் தொடங்குங்கள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு அங்கே உண்டு. குடும்பப் பின்னணி தேவையில்லை. அதை முடித்தபின் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் உள்ள அரசு இசைக் கல்லூரிகளில் ‘இசைக்கலைமணி’ என்னும் மூன்றாண்டு டிப்ளமோ படிக்கலாம். ஓவியத் துறையில் சான்றிதழும் பட்டமும் வெவ்வேறு பாதைகளாகப் பிரிந்து கிடக்க, இசையில் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறும் ஒழுங்கு நிலைத்திருக்கிறது. கோயில் வேலை நோக்கமானால் அறநிலையத் துறைக் கோயில்கள் நடத்தும் தவில், நாதசுரப் பள்ளிகளையும் விசாரியுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு உடல் தாங்க வேண்டும் என்பதால் சேர்க்கும் முன் ஒரு வித்துவானிடம் பையனைக் காட்டுங்கள்.

கலாக்ஷேத்ராவில் நான்காண்டு பரதம் படித்தாலும் கிடைப்பது டிப்ளமோதானாமே? பிறகு ஏன் அத்தனை பேர் அங்கே சேர்கிறார்கள்?
— வாசகி, நாகர்கோவில்

1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய அந்நிறுவனம் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டத்தோடு பாட்டும், தாளமிட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கமும் பழகி வெளிவரும் மாணவியை அவருடைய மேடையே அடையாளம் காட்டிவிடுகிறது. சபாக்களோ நாட்டியப் பள்ளிகளோ அவரிடம் பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் பட்டம் கட்டாயம் என்று விதித்துள்ள அரசுப் பணிக்கு அவர் விண்ணப்பிக்க நேர்ந்தால் சிக்கல் எழலாம். அங்குள்ள மாணவர் சிலர் அஞ்சல் வழியில் ஒரு பட்டமும் சேர்த்துப் படிப்பது அதற்காகத்தான்.

மூன்றே மாதத்தில் இணையவழி டிப்ளமோ, வீட்டுக்கே சான்றிதழ் என்று விளம்பரம் வருகிறது. சேரலாமா?
— வாசகர், ஆம்பூர்

பாடக் காணொளிகள் நன்றாக இருந்தால், அவற்றுக்கு உரிய விலை என்று உங்களுக்குத் தோன்றும் தொகையை மட்டும் கொடுத்துச் சேருங்கள். சான்றிதழுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் அதைக் கட்ட வேண்டாம்.